குளத்தில் கெண்டை சாகிறது, விரால் பிழைக்கிறது: விஷமா?

குளம் பச்சையாகிவிட்டது, விடியற்காலையில் கெண்டை செத்து மிதக்கிறது, விரால் மட்டும் தப்பிக்கிறது, யாராவது விஷம் கலந்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஷம் என்றால் விராலை மட்டும் விட்டுவைக்குமா?

வயல் யூரியாவும் டிஏபியும், ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்தால் பாசி தாறுமாறாகப் பெருகும். பகலில் ஆக்சிஜன் விடும் அதே பாசி ராத்திரி முழுக்க அதை உறிஞ்சும். செத்த பாசியை மட்க வைக்கும் பாக்டீரியாவும் கூடச் சேர்ந்துகொள்ளும். விடியும்போது தண்ணீரில் மூச்சுக்கே வழியிருக்காது. விரால் மேலே வந்து காற்றையே குடிக்கும், அதனால் பிழைக்கிறது.

நாளை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கெண்டை நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்தால் பெரும்பாலும் இதுதான். சாக்கடை வாய்க்காலை முதலில் திருப்புங்கள். அதுவரை இரவில் மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரையே மேலிருந்து விசிறி அடிக்கலாம். அப்புறம், செத்த மீனை யாரும் குழம்புக்கு எடுக்க வேண்டாம்.