வீட்டில் மூன்று கணினிகள்: எதற்கு ஆன்டிவைரஸ் வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. என் கணவர் கடைக் கணக்கை டேலியில் எழுதும் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7 இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனின் லேப்டாப் விண்டோஸ் 11. பள்ளிக்குச் செல்லும் மகளிடம் இருப்பது விண்டோஸ் 10. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆன்டிவைரஸ் வாங்கிப் போடும்படி கணினிக் கடையில் சொல்கிறார்கள். பணம் கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் சொல்வது அவருடைய லேப்டாப்புக்குப் பொருந்தும், உங்கள் கணவரின் டெஸ்க்டாப்புக்குப் பொருந்தாது. மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் உங்கள் பணம் எங்கே தேவை என்பது தெரியவரும்.

விண்டோஸ் 11-உடன் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் சேர்ந்தே வருகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸும் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல நான் தயங்கியிருப்பேன். இப்போது அந்தத் தயக்கம் இல்லை. ஜெர்மனியின் மக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம், வைரஸைப் பிடிக்கும் திறன், கணினியின் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பது, நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகச் சொல்லாமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்து ஆன்டிவைரஸ்களை மதிப்பிடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் பல முறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. ஆகவே மகனின் லேப்டாப்புக்கு இதுவே போதும்.

ஆனால் அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைக் 'கிராக்' செய்து தருகிறவர்கள், அதை நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடும்படி ஒரு குறிப்பையும் சேர்த்தே தருவார்கள். அந்தக் குறிப்பின்படி நடந்துவிட்டால் உலகின் மிகச் சிறந்த ஆன்டிவைரஸாலும் பயன் இல்லை. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளுக்குள் நுழையும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று.

மகளின் கணினியிலும் டிஃபெண்டர் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பது தெரியும். ஏற்குமானால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தொடர்ந்து பெறும் திட்டத்தில் அதே பக்கத்திலிருந்து பதிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் கணவரின் டெஸ்க்டாப்பைப் பற்றித்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அதில் டிஃபெண்டர் என்ற பெயரில் இருப்பதும் உளவு மென்பொருளை மட்டும் தேடும் பழைய கருவியே தவிர முழுமையான ஆன்டிவைரஸ் அல்ல. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேரை நினைத்துப் பாருங்கள். யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, விண்டோஸில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி அது கணினியிலிருந்து கணினிக்குத் தானாகவே தாவியது. அந்தக் குறையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவை அதை நிறுவாமல் விட்டிருந்த கணினிகள், அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு அந்த அப்டேட்டாவது கிடைத்தது. இன்று விண்டோஸ் 7-இல் புதிதாக ஒரு குறை வெளிப்பட்டால், அதை அடைத்துத் தர யாரும் இல்லை. ஆன்டிவைரஸ் ஆபத்தைக் குறைக்குமே தவிர, அந்த இடத்தை நிரப்பிவிடாது.

ஆகவே பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு கணினிக்கு மட்டும் வாங்குங்கள். விண்டோஸ் 7-இல் அது இன்னும் வேலை செய்யுமா என்பதைப் பெட்டியின் பின்புறத்தில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ஆன்டிவைரஸை அப்டேட் செய்யும் நேரம் தவிர, இணைய இணைப்பைத் துண்டித்தே வைத்திருங்கள். ஜிஎஸ்டி தாக்கல், வங்கி வேலை எல்லாம் மகனின் லேப்டாப்பிலேயே நடக்கட்டும். வசதிப்படும்போது டேலியையும் புதிய கணினிக்கு மாற்றிவிடுவதே நல்லது.

அப்படிப் பிரித்து வைத்தாலும் மூன்று கணினிகளுக்கும் இடையே பென் டிரைவ் போய்வந்துகொண்டுதான் இருக்கும். மகள் புராஜெக்ட்டை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதும் அநேகமாக அதே பென் டிரைவாகத்தான் இருக்கும். திரும்பி வந்ததும் அதைத் திறந்து, ஃபோல்டர் படங்களின் இடது கீழ் மூலையைக் கவனியுங்கள். அங்கே சிறிய அம்புக்குறி தெரிந்து, வகை என்ற இடத்தில் ஷார்ட்கட் என்றும், அளவு ஓரிரு கேபி என்றும் காட்டினால், அது உங்கள் ஃபோல்டர் அல்ல. வைரஸ் வைத்துவிட்டுப் போன போலி. அதை டபுள் கிளிக் செய்தால் உள்ளே இருப்பவை வழக்கம்போலவே திறக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் அதே நொடியில் வைரஸும் இயங்கத் தொடங்கிவிடும். பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அசல் ஃபோல்டர்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். எதையும் கிளிக் செய்யாமல், அப்டேட் ஆகியிருக்கும் மகனின் லேப்டாப்பில் முதலில் ஸ்கேன் செய்து வைரஸை நீக்கிவிட்டு, அதன் பிறகு மறைந்திருப்பவற்றை வெளிக்கொண்டுவரலாம்.

மூன்று கணினிகளுக்கான லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை டேலி கணக்கு இருக்கும் ஃபோல்டரை அதில் நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம், ஏனென்றால் ரான்சம்வேர் வந்தால் இணைத்தபடியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர் பயன்படுத்துகிறோம், கட்டண ஆன்டிவைரஸே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் பெட்டியின் மேல் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு மூன்று கணினிகளுக்கென்று கேட்டு நான் வாங்கிவந்த பெட்டியில் '1 யூசர், 3 ஆண்டு' என்று இருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து, இரண்டாவது கணினியில் ஆக்டிவேஷன் கீ ஏற்க மறுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 'யூசர்' என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கணினிகளின் எண்ணிக்கையைத்தான், வீட்டிலுள்ள ஆட்களை அல்ல. உங்கள் வீட்டில் ஐந்து பேர் இரண்டு கணினிகளைப் பகிர்ந்துகொண்டால் 2 யூசர் போதும்.

சென்னையில் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் ஆகிய இந்திய நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. எந்த நிறுவனமானாலும், முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையை மட்டும் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பல கணினி லைசென்ஸ்களில் முதல் கணினியில் ஆக்டிவேட் செய்த நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் காலம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் நிறுவிவிடுவது நல்லது.

கேள்வி: ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் ஒரே நேரத்தில் சோதிக்க முயல்வதால் கணினி தடுமாறும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி என்றால் நகரவே நகராது. வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்வதும் இதனால்தான். புதிய லேப்டாப்புடன் வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸ் உங்களுக்கு வேண்டாம் என்றால், காலாவதியான பிறகும் விட்டுவைக்காமல் அதை முழுமையாக நீக்குங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு என்ற இடத்தில் பச்சைக் குறி வந்துவிட்டதா என்று பாருங்கள்.