நீதிபதிக்கு யார் பாடம் எடுப்பது? ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் பதில்கள்

கேள்வி: நீதிபதியான பிறகும் வகுப்பு உண்டா?

உண்டு. தமிழ்நாட்டுக்கு மாநில நீதித்துறை அகாடமி சென்னையில். கோவையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள். தேசிய அகாடமி போபாலில்.

கேள்வி: சட்டம் படித்துத்தானே வருகிறார்கள்? அப்புறம் என்ன சொல்லித் தருவீர்கள்?

ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவது. இரவு 11 மணிக்கு நம் வீட்டு வாசலில் கைதான ஆளைப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தும். தாள் தயாராக இருக்கும், கையெழுத்துதான் பாக்கி. முதல் மாதம் நானும் போட்டேன். அவர் திரும்பி நடந்தபோதுதான் நொண்டுவதைக் கவனித்தேன். மறுபடி கூப்பிட்டு, போலீஸாரைத் தள்ளி நிற்கச் சொல்லி விசாரித்தால், உள்ளங்காலில் அடி. பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்வேன்: முதலில் ஆளைப் பார், பிறகு தாள்.

கேள்வி: சிவில் நீதிபதி தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: புதிய குற்றவியல் சட்டங்களை மூத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

தடுமாறித்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு என்றால் கொலை என்று நாக்கில் ஊறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல், புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103-ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு! பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே என்பதால் இரண்டும் தலையில் இருக்க வேண்டும்.

கேள்வி: சிவில் நீதிபதியாக மூன்று வருட வக்கீல் அனுபவம் தேவையா?

தேவை. 2002-இல் உச்ச நீதிமன்றமே அந்த விதியை நீக்கியது. 2025 மே மாதம் திரும்பக் கொண்டுவந்தது. நீதிமன்றத்தில் உட்காரும் முன் ஓராண்டுப் பயிற்சியும் கட்டாயம்.

கேள்வி: சீனியருக்குப் பை தூக்கினால் நீதிபதித் தகுதி வந்துவிடுமா ஐயா?

பை தூக்கியவருக்குத்தான் தெரியும், கைக்குழந்தையோடு வராந்தாவில் மாலை வரை உட்கார்ந்த சாட்சி, வாய்தா என்று கேட்டதும் எப்படி எழுந்து போவார் என்று. வாய்தா போடுகிற கைக்கு அது தெரிய வேண்டாமா?

கேள்வி: மூன்று வருடம் சம்பளமில்லாமல் ஏழை வீட்டுப் பெண் எப்படித் தாக்குப்பிடிப்பாள்?

இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஜூனியருக்கு சீனியர் ஒழுங்காகப் பணம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கொடுக்காத சீனியர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நீதிபதிக்கு சட்ட உதவியாளராக வேலை பார்த்த காலத்தையும் அனுபவமாக ஏற்கிறார்கள். ஆனால் அந்த இடங்கள் கொஞ்சம்தான்.

கேள்வி: தேர்வுக்கு எந்த கோச்சிங் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். நாளை சாட்சி விசாரணை பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசலாம்.