ஆலிவும் அத்தியும் அரைக்கும்போது

கேள்வி: போர்ச்சுகல் முறை ஆலிவ்-அத்தி விழுதை மிக்ஸியில் அரைத்தேன். உப்புக் கரிக்கிறது, கசக்கவும் செய்கிறது. எங்கே பிழை? எதற்குத் தொட்டுக்கொள்ளலாம்?
- வாசகி, களியக்காவிளை

பதில்: ஆலிவ் பாட்டிலில் உப்புநீரில்தான் கிடக்கிறது, அப்படியே அரைத்தால் கரிக்கத்தான் செய்யும். கசப்புக்குக் காரணம் வேறு. ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக ஓட்டினால் கசப்பேறும்.

கொட்டை நீக்கிய கறுப்பு ஆலிவ் 150 கிராமை நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பிழிந்தெடுங்கள். உலர் அத்தி 100 கிராம். மாலையாகக் கோர்த்து விற்பதே போதும். காம்பைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். ஒரு பல் பூண்டு, 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, விட்டுவிட்டுச் சுற்றுங்கள். மைபோல் ஆகக் கூடாது, அத்தி விதை பல்லில் நறநறவெனப் படுவதுதான் ருசியே. கடைசியில் 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைக் கரண்டியால் கலக்குங்கள். தனியாக உப்பு வேண்டாம்.

பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடப்பதால் வெளியே வைக்கவே கூடாது. வாடை மாறாமலே நஞ்சாகலாம். ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அத்திக்குப் பேர்போன அல்கார்வேயும் ஆலிவ் விளையும் அலென்டேஜோவும் போர்ச்சுகலின் தென்பகுதிகள். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ் இரண்டுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊரில் அவித்த மரச்சீனிக்கிழங்கும் சுட்ட சாளை மீனும் இருக்கிறதே, அவற்றோடு இன்னும் நன்றாகச் சேரும்.