ஈஸ்ட்டை நம்பிய ஆய்வாளர்

கேள்வி: வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற அமெரிக்க உயிரியலாளர் சூசன் லிண்ட்க்விஸ்ட், பழ ஈயில் தொடங்கிய ஆய்வை ஏன் ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்ட்டுக்கு மாற்றினார்?

பதில்: 1962இல் இத்தாலிய அறிவியலாளர் ஃபெருச்சியோ ரிடோசா, பழ ஈக்களின் புழுக்களை வைத்திருந்த பெட்டியில் தற்செயலாக வெப்பம் கூடியபோது, அவற்றின் குரோமோசோம்களில் சில இடங்கள் புதிதாக உப்பியிருப்பதைக் கண்டார். அந்த இடங்களில் மரபணுக்கள் மும்முரமாக இயங்குகின்றன என்பது அதன் பொருள். அவற்றின் விளைவாகத் தோன்றும் புரதங்களே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்; அவை 1974இல்தான் அடையாளம் காணப்பட்டன. அப்போது ஹார்வர்டில் மேத்யூ மெசல்சனின் மாணவியாக இருந்த லிண்ட்க்விஸ்ட், அந்தப் புதிய துறையிலேயே ஆய்வு செய்து 1976இல் முனைவர் பட்டம் பெற்றார். 1978இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

சூடு ஏறும்போது ஒரு புரதம் பெருகுகிறது என்பதாலேயே அது செல்லைக் காக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. அதற்குரிய மரபணுவை மட்டும் நீக்கிவிட்டு, அந்த உயிர் அதே சூட்டில் பிழைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அன்றைய நிலையில் பழ ஈயில் இதைச் செய்வது மிகக் கடினம். ஈஸ்ட்டிலோ வேண்டிய மரபணுவைக் குறிவைத்து நீக்க முடியும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அது இரட்டிப்பாகவும் செய்யும். தேர்ந்த துறையை விட்டு இன்னோர் உயிரிக்கு மாறுவது ஓர் இளம் ஆசிரியருக்கு எளிய முடிவன்று. ஆனால் அவருடைய பிற்காலச் சாதனைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தன என்பது என் கருத்து.

1990இல் அதன் முதல் பெரும் பலன் வெளிவந்தது. ஈஸ்ட்டை முதலில் 37 டிகிரி செல்சியஸ் மிதமான சூட்டில் சற்று நேரம் வைத்துவிட்டு, பிறகு கொல்லும் அளவான 50 டிகிரிக்கு உயர்த்தினால் பெரும்பகுதி பிழைத்துக்கொள்கிறது. எச்எஸ்பி 104 (எச்எஸ்பி என்பது வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற புரதத்தின் மரபணுவை இழந்த ஈஸ்ட்டோ, இயல்பான வெப்பத்தில் எக்குறையுமின்றி வளர்ந்தாலும், அந்தக் கடும் சூட்டில் மிக வேகமாக மடிந்தது.

கேள்வி: அந்தப் புரதம் செய்யும் வேலைதான் என்ன?

பதில்: பெயரிலுள்ள 104, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கிலோடால்டன் கணக்கில் அதன் தோராய எடையைக் குறிப்பது. புரதங்கள் உரிய வடிவில் மடிந்திருந்தால்தான் இயங்கும். சூடு அந்த மடிப்பைக் குலைக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. எச்எஸ்பி 104இன் ஆறு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு வளையமாகி, எச்எஸ்பி 70, எச்எஸ்பி 40 ஆகிய வேறு இரு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் துணையோடு, திரண்டுபோன புரதங்களைப் பிரித்து மீண்டும் மடிய வாய்ப்பளிக்கின்றன. திரண்ட புரதத்துக்கு மீட்சியே இல்லை என்று கருதப்பட்டுவந்த நிலையில், இது எண்ணத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு.

இதைவிட வியப்பானது 1995இல் வெளியானது. டிஎன்ஏவில் எந்த மாற்றமும் இல்லாமலே தாய் ஈஸ்ட்டிலிருந்து சேய்க்குச் செல்லும் ‘பிஎஸ்ஐ’ என்ற பண்பு நெடுங்காலமாகப் புதிராக இருந்தது. ஒரு புரதம் தன் பிறழ்ந்த வடிவத்தைத் தன் இனப் புரதங்களுக்கும் ஏற்றும் பிரியான் நிகழ்வே இதற்குக் காரணம் என்று 1994இல் ரீட் விக்னர் என்ற ஆய்வாளர் முன்மொழிந்திருந்தார். எச்எஸ்பி 104 அறவே இல்லாவிட்டாலும், அளவுக்கு மீறி இருந்தாலும் அந்தப் பண்பு மறைந்துவிடுகிறது என்று லிண்ட்க்விஸ்ட்டும் யூரி செர்னாஃபும் அவர்களுடைய கூட்டாய்வாளர்களும் காட்டினர். புரதத்தின் வடிவத்தை மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒன்று அப்பண்பை ஆட்டிவைப்பதால், பிரியான் கருத்து மேலும் வலுப்பெற்றது.

கேள்வி: மூளையே இல்லாத ஈஸ்ட்டை வைத்து மூளை நோயை ஆராய்வதில் பொருளுண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் நரம்புச் செல்களுக்குள் திரளும் ஆல்ஃபா சினுக்ளீன் என்ற மனிதப் புரதத்தை லிண்ட்க்விஸ்ட்டின் குழுவினர் ஈஸ்ட்டில் உண்டாக்கினர். குறைந்த அளவில் அது செல்லின் உறையை ஒட்டித் தீங்கின்றி இருந்தது. அளவை இரட்டிப்பாக்கியதும் உள்ளே திரண்டு செல்லை நஞ்சூட்டியது. 2003இல் வெளியான இந்த ஆய்வு, அமெரிக்காவிலுள்ள வொயிட்ஹெட் உயிரி மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு அவர் மாறிய பின் நடந்தது. புரதம் திரள்வதும், அதனால் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து தடைபடுவதும் ஈஸ்ட்டுக்கும் நரம்புச் செல்லுக்கும் பொதுவானவை. அதனால்தான் ஈஸ்ட்டில் தேடிக் கண்ட ஒரு வேதிப்பொருள், நோயாளிகளின் செல்களிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களிலும் பாதிப்பைக் குறைத்தது என்று 2013இல் அவர்களால் காட்ட முடிந்தது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பற்றியோ, அவை ஏன் ஆண்டுக்கணக்கில் மெல்ல நலிகின்றன என்பதைப் பற்றியோ ஈஸ்ட் சொல்லக்கூடியது குறைவு. அவற்றுக்கு எலிகளும் மனித நரம்புச் செல்களும் கட்டாயம் தேவை.