ஹெலனின் சாவு மிகையா?

அன்புள்ள ஐயா,

‘ஜேன் அயர்’ இப்போதுதான் படித்து முடித்தேன். லோவுட் பள்ளியில் டைபஸ் காய்ச்சல் பரவிப் பிள்ளைகள் சாகிறார்கள், அதே சமயத்தில் ஜேனின் தோழி ஹெலன் காசநோயில் சாகிறாள். வாசகரை அழவைக்கச் செய்த ஏற்பாடாகவே பட்டது. அந்தக் கால நாவல்களில் ஏன் இத்தனை பேர் இருமி இருமிச் சாகிறார்கள்?

க.

அன்புள்ள க.,

ஏற்பாடு இல்லை. நாவலை எழுதிய ஷார்லட் பிராண்டே அதைக் குறைத்துத்தான் எழுதினார் என்று சொல்வேன். ஹெலன் வேறு யாருமில்லை, அவருடைய மூத்த அக்கா மரியா. கோவன் பிரிட்ஜில் பாதிரிமார் மகள்களுக்கென்று இருந்த விடுதிப் பள்ளியிலிருந்து காசநோய் முற்றிய நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு 1825 மே மாதம் இறந்தாள், வயது 11. அடுத்த மாதமே இரண்டாவது அக்கா எலிசபெத்தும் போனாள். ஷார்லட்டுக்கு அப்போது 9 வயது. இரண்டு அக்காக்களுக்கும் பதிலாக நாவலில் அவர் சாகவிட்டது ஒரு ஹெலனை மட்டும்தான்.

லோவுட்டில் 80 பேரில் 45 பேர் ஒரே நேரத்தில் படுத்துவிடுகிறார்கள் இல்லையா, அந்தப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். மூடுபனிதான் நோயைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறார், அன்றைய நம்பிக்கை அது. டைபஸைப் பரப்புவது பேன் என்று 1909இல்தான் தெரிந்தது. ஆனாலும் அரைவயிற்றுச் சாப்பாடு, கவனிக்காமல் விட்ட சளி, நாற்றமடிக்கும் தண்ணீர், ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் என்று அவர் எழுதிவைத்த ஒவ்வொன்றும் உடம்பை நோய்க்கு ஆளாக்கும் நிலைமைதான். காரணம் தெரியாத காலத்தில் இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஹெலன் சாகும் இரவில் ஜேன் அவள் படுக்கையில் ஏறி அவளைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். நமக்குப் பதறுகிறது. ஆனால் அன்று இங்கிலாந்தில் பெரும்பாலான மருத்துவர்கள் காசநோயைப் பிறவி உடல்வாகோடு வருவது என்றே நினைத்தார்கள், ஜெர்மன் மருத்துவர் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னது 1882இல். அதனால் தங்கைக்கு நோய் வந்தால் அக்கா பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் அக்காவுக்கும் வந்தது.

பிராண்டே குடும்பம் வாழ்ந்த ஊரான ஹாவொர்த்திலும் நோயும் சாவும் அப்படித்தான். ஷார்லட்டின் அப்பா, அந்த ஊர்ப் பாதிரியார், நல்ல தண்ணீர் கேட்டு அரசுக்கு மனு மேல் மனு போட்டார். 1850இல் பாபேஜ் என்ற ஆய்வாளர் வந்து பார்த்தபோது இறப்பவர்களின் சராசரி வயது 25.8, நூற்றில் 41 பேருக்கு மேல் 6 வயதுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். இப்படி ஒரு ஊரிலிருந்து எழுதுகிறவர் வேறு எதை எழுதுவார், சொல்லுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ‘ஜேன் அயர்’ வந்தது 1847இல். மறுவருடம் செப்டம்பரில் தம்பி பிரான்வெல், டிசம்பரில் தங்கை எமிலி (கடைசி நாள் மதியம் வரை மருத்துவரே வேண்டாம் என்றிருந்தார்), அடுத்த மே மாதம் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் கடைசித் தங்கை ஆன். எட்டே மாதத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அப்போது ஷார்லட் ‘ஷெர்லி’ நாவலைப் பாதியில் வைத்திருந்தார். தங்கை ஆன் புதைக்கப்பட்ட பிறகு அவர் உட்கார்ந்து எழுதிய அத்தியாயத்தில், அந்த நாவலின் நாயகிகளில் ஒருத்தியான கரோலின் காய்ச்சலில் சாகக் கிடக்கிறாள். அழவைப்பதுதான் நோக்கம் என்றால் அவளைக் கொன்றிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கரோலின் பிழைத்துக்கொள்கிறாள். அடுத்து அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.