வாசகர் கேள்வி-பதில்: ஈஸ்ட்டை வச்சு பூஞ்சையைத் தடுக்க முடியுமா?

கேள்வி: ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தானே சார், அதையே செடில அடிச்சா பூஞ்சை நோய் எப்படி நிக்கும்? இருக்குற தொல்லை பத்தாதுன்னு புதுசா ஒண்ணு சேராதா?

பதில்: சேராதுங்க, பயப்படாதீங்க. பூஞ்சை இனம்ங்கறது உண்மைதான், ஆனா நோய் உண்டாக்குற பூஞ்சை நூல் நூலா வளர்ந்து என்சைம் விட்டு தோலைக் கரைச்சுகிட்டு உள்ள போயிடும், இந்த வேலைக்குன்னு எடுக்குற ஈஸ்ட்டோ ஒத்த செல்லா மேலேயே உக்காந்து அங்க கசியுற சர்க்கரையைத் தின்னுகிட்டு மொட்டு விட்டுப் பெருகும், அவ்ளோதான். நீங்க அடிக்காமலே எந்த இலையிலயும் பழத்தோல்லயும் ஏற்கனவே ஈஸ்ட் இருக்கு.

பழம் பறிக்கும்போது காம்புகிட்ட சின்னதா கீறல் விழுதுல்ல, சாம்பல் பூஞ்சணம் போட்ரைட்டிஸ் ஆகட்டும், நீலப் பூஞ்சணம் பெனிசிலியம் ஆகட்டும், அந்தக் கீறல்தான் அதுங்களுக்கு வாசல். அங்க வந்து விழுந்த பூஞ்சை வித்து (பூஞ்சை பரவுறதுக்கு விடுற தூள் மாதிரி நுண்ணுயிர் துகள்) முளைக்கவே கொஞ்சம் சர்க்கரை வேணும், பல மணி நேரம் ஆகும். ஈஸ்ட் வசதியான இடத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே ரெண்டு மடங்காயிடும். முன்னாடியே போய் இடத்தைப் பிடிச்சுட்டா வித்துக்கு உக்கார இடமும் இல்ல, சாப்பாடும் இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மெட்ஸ்னிகோவியான்னு ஒரு ஈஸ்ட். அது ஒரு அமிலத்தை வெளிய விடும், அந்த அமிலம் சுத்தி இருக்குற இரும்புச்சத்தைப் பிடிச்சு புல்செரிமின்ங்கற சிவப்பு நிறமியா மாத்திடும், இரும்பு கிடைக்காம பூஞ்சை வித்து முளைக்காம அப்படியே நின்னுடும். லேப் தட்டுல வளர்த்தா ஈஸ்ட்டைச் சுத்தி செவப்பா ஒரு வளையம் தெரியும், அந்த வளையத்துக்குள்ள பூஞ்சை வராது, அதே தட்டுல இரும்பை அதிகமாக் கலந்துட்டா தடுப்பு குறைஞ்சு போகும். விஷம் வச்சுக் கொல்லல, பட்டினி போடுதுன்னு இதுலயே புரிஞ்சுடும். வேற சில ஈஸ்ட் போட்ரைட்டிஸ் நூல் மேலேயே கெட்டியா ஒட்டிகிட்டு அதோட செல் சுவரைக் கரைக்கிற என்சைம் விடும்.

கேள்வி: அப்போ பிரெட் பண்ற ஈஸ்ட்டையே சர்க்கரைத் தண்ணில கரைச்சு அடிச்சுடலாமா?

பதில்: இந்தக் கேள்வி அடிக்கடி வருது, தயவுசெஞ்சு அடிக்காதீங்க. அது மாவு புளிக்கிறதுக்குன்னு தேர்ந்தெடுத்த ரகம், இலை மேல அடிக்கிற வெயிலையும் வறட்சியையும் தாங்கி நிக்கும்னு நம்ப முடியாது, அதைவிட முக்கியம் நீங்க கலக்குற சர்க்கரை, அது ஈஸ்ட்டுக்கு மட்டும் போகாது, நோய்ப் பூஞ்சையும் சேர்ந்துதான் சாப்பிடும். ஆனா அந்த ஈஸ்ட்டுக்கு வேற விதத்துல ஒரு மதிப்பு இருக்கு, அதோட செல் சுவரை மட்டும் எடுத்து செரிவிசேன்னு ஒரு பொருள் செய்றாங்க, 2015ல ஐரோப்பிய யூனியன்ல அனுமதி வாங்கினது, அதுல உயிரே கிடையாது, செடி அதைப் பார்த்து பூஞ்சைதான் வந்துடுச்சுன்னு நினைச்சு தன்னோட எதிர்ப்பை முன்கூட்டியே கிளப்பிக்கும்.

கேள்வி: காசு போட்டு வாங்கின ஈஸ்ட் மருந்துதான் அடிச்சேன், இருந்தும் பழம் அழுகிடுச்சு. ஏமாந்துட்டேனா?

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு. மருந்து போலின்னு நான் சொல்ல மாட்டேன், எப்போ அடிச்சீங்கன்னுதான் முதல்ல கேப்பேன். அழுகல் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு அடிச்சிருந்தா பூஞ்சை ஏற்கனவே உள்ள போயாச்சு, மேல இருக்குற ஈஸ்ட்டால அதை ஒண்ணும் பண்ண முடியாது. போட்ரைட்டிஸ் பூ பூக்கும்போதே உள்ள நுழைஞ்சு பழம் பழுக்குற வரைக்கும் சத்தமில்லாம படுத்திருக்கும், அதனால பூ சமயத்துலயே ஆரம்பிக்கணும், பறிச்ச பழத்துக்குன்னா கீறல் பட்ட அன்னைக்கே. இன்னொண்ணு, டேங்க்ல கூட என்ன கலந்தீங்க? ட்ரையசோல் வகை பூஞ்சைக்கொல்லி ஈஸ்ட்டையும் சேர்த்தே பாதிக்கும், எதோட கலக்கலாம்னு லேபிள்ல பாருங்க. வாங்கின பாக்கெட் சூட்டுல கிடந்திருந்தாலும் பாதி செல் செத்திருக்கும். பொதுவா ஒரு மில்லி தண்ணில 1 கோடியிலருந்து 10 கோடி உயிருள்ள செல் இருந்தாதான் வேலை நடக்கும்.

இன்னொரு விஷயமும் மறைக்காம சொல்லிடறேன், ரசாயனம் மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரே பலன் இதுல வராது. கேன்டிடா ஓலியோஃபிலாங்கற ஈஸ்ட்டை வச்சு அமெரிக்காவுல 1995ல பதிவான ஆஸ்பயர்ங்கற மருந்து பின்னாடி சந்தையை விட்டே போச்சு. அதே இனத்தோட இன்னொரு ரகத்துக்கு 2013ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சது, அதனால கைவிட வேண்டிய வழின்னு நான் நினைக்கல.

கேள்வி: அடிச்ச பழத்தை சாப்பிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?

பதில்: ரகம் தேர்ந்தெடுக்கும்போதே நம்ம உடம்புச் சூடான 37 டிகிரில வளராததா, நச்சு உண்டாக்காததான்னு பார்ப்பாங்க. பரிசோதிச்சு பதிவு பண்ணினதை மட்டும் வாங்குங்க, வீட்ல எதையாவது வளர்த்து அடிக்காதீங்க, வளர்ந்தது எந்த இனம்னு கண்ணால பார்த்து சொல்லவே முடியாது. எப்பவும் போல பழத்தைக் கழுவிட்டு சாப்பிடுங்க.