ஷார்ல் அஸ்னவூர்: தோல்வியைப் பாடி வென்றவர்

“பாடகர் ஷார்ல் அஸ்னவூர் பிரெஞ்சுக்காரரா, ஆர்மீனியரா? கரகரத்த குரலோடு எப்படிப் புகழ்பெற்றார்?” என்பது கேள்வி.

முதல் பாதிக்கு விடை எளிது: இரண்டும்தான். ஆர்மீனியப் பெற்றோருக்கு 1924-இல் பாரிஸில் பிறந்தவர். 2008-இல் ஆர்மீனியக் குடியுரிமை பெற்று, மறு ஆண்டே சுவிட்சர்லாந்துக்கான அந்நாட்டுத் தூதரானார்.

இரண்டாவது பாதிதான் சுவையானது. குள்ள உருவம், மூடுபனி படிந்தாற்போன்ற குரல். விமர்சகர்கள் இரண்டையும் ஈவிரக்கமின்றிக் கிழித்தார்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் மட்டும் அவரைச் சுற்றுப்பயணங்களுக்கு அழைத்துச்சென்று வளர்த்துவிட்டார். அப்படியும் பல ஆண்டுகள் அலைச்சல்தான். 1960 டிசம்பரில் பாரிஸின் அல்ஹம்ப்ரா அரங்கில் நிலைமை மாறியது. அன்று அஸ்னவூர் பாடியது, நட்சத்திரமாவோம் என்று நம்பி ஏமாந்த ஒரு பாடகனின் கதை. தன் காயத்தையே மேடையேற்றினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரங்கம் வசமானது.

வெறும் குரலால் வென்றவரல்லர் அவர். தானே எழுதினார், நடிகரைப்போலப் பாத்திரமாக மாறிப் பாடினார். 1972-இலேயே தன்பாலீர்ப்பாளர் ஒருவரின் தனிமையைக் கேலியின்றிப் பாடினார். அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல! 1974-இல் அவருடைய ஆங்கிலப் பாடல் ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

1988 நிலநடுக்கம் ஆர்மீனியாவைச் சிதைத்தபோது, பிரெஞ்சுக் கலைஞர்களைத் திரட்டி நிவாரணத்துக்காகப் பாடல் வெளியிட்டார்.

2018 செப்டம்பரில் ஜப்பானில் கச்சேரி செய்துவிட்டுத் திரும்பினார். அக்டோபர் 1 அன்று, 94 வயதில், காலமானார்.